எடைக்குறைப்பு அறுவைக்குப் பின் மனநலம்: ஜொகூரை முன்வைத்து

மலேசியப் பெரியவர்களில் மிகை எடையோ உடல்பருமனோ உள்ளவர்கள் 50.1 விழுக்காடு என்றது 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு. 2023இல் அது 54.4 ஆகிவிட்டது. இந்தியரிடையே இனிப்பு நீர் நோய் 31.4 விழுக்காடு என்றும் 2019 ஆய்வு காட்டியது. ஆகவே, இரைப்பையைச் சுருக்கும் அறுவையை ஜொகூர்த் தமிழர் அழகுக்கான ஆடம்பரமாகப் பார்க்கத் தேவையில்லை. என் மறுப்பு வேறு இடத்தில்: அதன் வெற்றியை எடையால் மட்டும் அளப்பதும், மனநல மதிப்பீட்டை அறுவைக்கு முன்பே முடித்துக்கொள்வதும் தவறு.

சான்றுகள் இதையே சொல்கின்றன. எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்டவர்களைத் தொடர, 1987இல் தொடங்கிய சுவீடன் ஆய்வின் பத்தாண்டு முடிவுகள் 2007இல் வெளிவந்தன. வாழ்க்கைத்தரம் முதல் ஆண்டில் உச்சத்தைத் தொட்டு, ஆறாம் ஆண்டுவரை இறங்கி, பிறகு நிலைப்பட்டது. பத்தாம் ஆண்டிலும் மனச்சோர்வு குறைந்தே இருந்தது; பதற்றத்தில் அறுவை செய்யாதவர்களோடு ஒப்பிட வேறுபாடில்லை. கனடாவின் ஒன்டாரியோவில் இவ்வறுவை செய்துகொண்ட 8,815 பேரைத் தொடர்ந்த 2016ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் கடுமையானது. தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வந்த நிகழ்வுகள் அறுவைக்குப் பின் ஏறத்தாழ ஒன்றரை மடங்காயின. அவற்றில் பெரும்பாலானவை இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் நேர்ந்தன. வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் முன்பே மனநலக் குறை உள்ளவர்கள். அறுவையே காரணம் என்று இதனால் சொல்லிவிட முடியாது என்பார்கள், உண்மைதான். ஆனால் யாருக்கு, எப்போது துணை தேவை என்பது தெளிவாகிறது. அந்த இரண்டாம், மூன்றாம் ஆண்டுகள்தான் எல்லோரும் பாராட்டி ஓய்ந்து, மருத்துவச் சந்திப்புகளும் அருகிப்போகும் காலம்.

இங்குள்ள வாழ்க்கையை இதோடு வைத்துப் பார்க்கவேண்டும். அறுவைக்குப் பின் சிறுகச் சிறுக, வேளை தவறாமல், புரதம் குறையாமல் சாப்பிடச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர் அதை எங்கே, எப்போது கடைப்பிடிப்பார்? கல்யாணப் பந்தியில் நான்கு கவளத்தோடு இலையை மூடினால், "என்னம்மா, சாப்பாடு பிடிக்கலையா?" என்று பரிமாறுகிறவர் மனம் வருந்துவார். இளைத்த முகத்தைப் பார்த்து, "உடம்புக்கு என்ன?" என்று ஒரு பெரியம்மா கேட்பார். அன்பால் வரும் கேள்விகள்தான். ஆனால் அறுவையை மறைத்து வைத்திருக்கும் பெண்ணுக்கு ஒவ்வொரு விருந்தும் ஒரு விசாரணை.

குடியைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசவேண்டும். இரைப்பை மாற்றுப்பாதை அறுவைக்குப் பின் மது இரத்தத்தில் வேகமாகக் கலக்கிறது. போதையும் விரைவில் ஏறுகிறது. எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்டவர்களிடையே மதுச் சிக்கல் 7.6 விழுக்காட்டிலிருந்து இரண்டாம் ஆண்டில் 9.6 ஆனதாக 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வு தெரிவித்தது. சம்சு என்னும் மலிவுச் சாராயம் எத்தனை குடும்பங்களைக் குலைத்தது என்பதை நம் தோட்டப்புறம் நன்கு அறியும்.

ஜொகூருக்கு மனநல மருத்துவம் புதிதன்று; தம்போயில் பெர்மாய் மருத்துவமனை நெடுங்காலமாக இருக்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவும் 2023இல் நீக்கப்பட்டதால், வாய் திறந்து சொல்லச் சட்டம் தடையில்லை. அறுவை செய்யும் மருத்துவமனைகள் குறைந்தது மூன்றாம் ஆண்டு முடியும்வரை மனநலச் சந்திப்பைக் கட்டாயமாக்கவேண்டும். அதைத் தமிழில் நடத்தவும், வீட்டில் சமைப்பவரையும் உடன் அழைக்கவும் வழி செய்யவேண்டும்.