தினைப்புனத்துப் பாட்டும் ராஜத்துரோகச் சட்டமும்

வள்ளி பரண்மீது நின்று கவண்கல் வீசிப் பறவைகளை ஓட்டுகிற காட்சி, திருவிழா இரவுகளில் நாடகமும் கூத்தும் விடிய விடியப் பார்த்துப் பழகிய ஆத்தூர்ச் சீமை ஜனங்களுக்குப் புதிதன்று. ஆனால் அந்தத் தினைப்புனத்துப் பாட்டே ஒரு காலத்தில் ராஜத்துரோகக் குற்றமாயிற்று என்பதை அறிந்தவர் இன்று மிகச் சிலர். சிவகாசியில் 1886இல் பிறந்த விசுவநாததாஸ் முருக வேஷம் தரித்து மேடையேறி, தினையைக் கொத்த வரும் வெள்ளைக் கொக்கைப் பற்றிப் பாடத் தொடங்கியதும், கடல் கடந்து வந்து நம் விளைச்சலைக் கொண்டுபோகும் வெள்ளைக்காரனே அந்தக் கொக்கு என்பது கொட்டகையின் கடைசி வரிசையில் மண்தரையில் அமர்ந்திருந்தவனுக்கும் விளங்கிவிடும். ஹார்மோனியக்காரர் மெட்டைத் திருப்பி வாசிக்க, சபையினர் மீண்டும் பாடும்படி ஆரவாரிக்க, கைது செய்ய வந்த போலீஸார் மேடையோரத்தில் காத்து நின்றதுண்டு. பலமுறை சிறை சென்ற அவருக்காக ஒரு வழக்கில் வ.உ.சிதம்பரம் பிள்ளையே வாதாடினார். 1940 டிசம்பர் 31ஆம் நாள் இரவு, சென்னை ராயல் தியேட்டரில், முருக வேஷத்தோடு மயிலாசனத்தில் இருந்தவாறே அவர் உயிர் பிரிந்தது.

அவரைப் பிணித்த சட்டங்கள் அவர் பிறப்பதற்கு முன்பே ஆயத்தமாகிவிட்டவை. ராஜத்துரோகத்தைத் தண்டிக்கும் 124-ஏ பிரிவு 1870இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. வங்காள நாடக மேடையின் துணிச்சலைக் கண்டு மிரண்ட சர்க்கார் 1876இல் நாடகச் சட்டத்தை இயற்றி, துவேஷத்தை வளர்க்குமென்று தாங்கள் கருதும் எந்த நாடகத்தையும் தடுக்கும் அதிகாரத்தை அதிகாரிகளுக்கு வழங்கியது. பின்னாளில் காங்கிரஸிலேயே மிதவாதிகள், தீவிரவாதிகள் என்று இரு கட்சிகள் இருந்தன. திலகரைப் பின்பற்றிய தீவிரவாதிகளுள் ஒருவராகவே பாரதியாரும் எண்ணப்பட்டார். தேசபக்தியையே தீவிரவாதம் என்று பெயரிட்டு வழங்கிய காலம் அது.

பாரதியார் மறைந்து ஏழாண்டுகள் சென்றபின், 1928இல், பர்மா சர்க்கார் அவருடைய சுதேச கீதங்களைத் தடை செய்யவே, சென்னை சர்க்காரும் அதைப் பின்பற்றிப் புத்தகங்களைப் பறிமுதல் செய்தது. இதற்குக் கையாண்ட குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 99-ஏ பிரிவைக் கவனிக்க வேண்டும். விசாரணை எதுவுமின்றி ஓர் உத்தரவினாலேயே சர்க்கார் ஒரு நூலைப் பறித்துக்கொள்ளலாம். நியாயம் வேண்டுவோர் பின்னர் உயர்நீதிமன்றத்தை நாடிக்கொள்ளலாம் என்பதே அதன் ஏற்பாடாயிருந்தது. தண்டனை முன்னும் விசாரணை பின்னுமாக அமைந்த இந்த முறையே என் மனத்தை மிகவும் வருத்துவது. அக்டோபர் மாதம் சட்டசபையில் சத்தியமூர்த்தி இதை எதிர்த்து ஒத்திவைப்புத் தீர்மானம் கொண்டுவந்தார். பெரும்பான்மையோர் அவர் பக்கமே நின்றனர்.

1930 ஏப்ரலில் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் நோக்கிப் புறப்பட்ட உப்புச் சத்தியாக்கிரகிகளின் வாயில் ஒலித்தது நம் பக்கத்து மண்ணில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ.இராமலிங்கம் பிள்ளையின் நடைப்பாட்டு. படைக்குச் சோறும் இடமும் கொடுப்போரைத் தண்டிப்பதாகத் தஞ்சை ஜில்லா கலெக்டர் தார்ன் எச்சரித்துப் பார்த்தார்; அப்பாட்டை ஊர்தோறும் சொல்லிக்கொடுத்தவர்களை அவரால் என்ன செய்ய முடிந்தது? மறு ஆண்டு பகத்சிங் தூக்கிலிடப்பட்டபின் சந்தைகளில் சல்லிக் காசுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்களும் தடைப் பட்டியலில் ஏறின.

இத்தனையும் சொல்வதால், எந்தப் பாட்டையும் சட்டம் தொடவே கூடாதென்று நான் வாதிப்பதாக எண்ண வேண்டாம். ஜெர்மனியில் நாஜிக் கட்சியின் கீதமான ஹோர்ஸ்ட் வெஸ்ஸல் பாட்டு இன்றும் தடை செய்யப்பட்டதே; அந்நிய இனத்தாரை வெறுத்துப் பாடிய லாண்ட்சர் என்னும் இசைக்குழுவை ஒரு குற்றக் கூட்டமென்றே 2003இல் பெர்லின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது; 2005இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இலட்சக்கணக்கானோர் கொல்லப்படுவதற்கு முன்னோடியாக எத்தகைய பாட்டுகள் ஒலித்தன என்பதை அனுபவித்து அறிந்த தேசம் அது. ஆத்தூரைச் சுற்றிய கிராமங்களிலும் திருவிழாவில் பாட்டும் நடனமும் வைக்க மனுப் போடுவோரிடம், ஜாதியையும் கட்சியையும் மதத்தையும் உயர்த்தியோ தாழ்த்தியோ பாடக்கூடாதென்று நிபந்தனை விதிப்பது வழக்கம். உயர்நீதிமன்றமே இத்தகைய நிபந்தனைகளை விதித்திருக்கிறது. அடுத்த தெருவில் குடியிருப்பவனை இழிவுபடுத்தும் ஜாதிப் பாட்டை ஒலிபெருக்கியில் கேட்டுக் கூனிக்குறுகி நிற்கும் மனிதனை நினைத்தால், அந்நிபந்தனை நியாயமென்றே தோன்றுகிறது. சிம்மாசனத்தில் இருப்பவனை நோக்கிப் பாடுவதும், எளியவனை நோக்கிப் பாடுவதும் ஒன்றல்ல.

ஆனால் சுதந்திரம் பெற்ற பின்னும் நம் ஆட்சியாளர் இவ்வித்தியாசத்தை மதித்தாரில்லை. எம்.ஆர்.ராதாவின் நாடகங்களை மனத்திற்கொண்டு 1954இல் சென்னை ராஜ்யம் இயற்றிய நாடகச் சட்டம், 2013இல்தான் செல்லாதென்று உயர்நீதிமன்றத்தால் ரத்தாயிற்று. இரண்டே ஆண்டுகளில், 2015 அக்டோபரில், அரசு மதுக்கடைகளை மூடச் சொல்லிப் பறையடித்துப் பாடிய கோவன், திருச்சியில் தம் வீட்டில் நள்ளிரவில் கைது செய்யப்பட்டார். அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்களுள் 1870ஆம் ஆண்டின் அதே 124-ஏ பிரிவும் இருந்தது.