ஆஸ்திரிய வைன்களின் சுவை மதிப்பீடு

ஆஸ்திரிய வைன்களின் சுவை மதிப்பீடு என்பது, ஆஸ்திரியாவில் உருவாகும் சிவப்பு வைன்களையும், உணவின் இறுதியில் சிறிதளவு அருந்தப்படும் இனிப்பு வைன்களையும் கண், மூக்கு, நாக்கு ஆகியவற்றால் ஆராய்ந்து தரம் கூறும் முறையாகும். இவ்விரு வகைகளுக்கும் பெயர்பெற்றது, அங்கேரியை ஒட்டிய பூர்கன்லாந்து மாநிலம். புலன்களால் மட்டும் தரத்தை உறுதிசெய்ய இயலாது என்பதை 1985 ஆம் ஆண்டின் கலப்பட நிகழ்வு இத்துறைக்கு உணர்த்தியது.

சிவப்பு வைன்கள்

ஆஸ்திரியாவின் திராட்சைத் தோட்டங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சிவப்பு வகைகளைச் சேர்ந்தது. அவற்றுள் மிகுதியாகப் பயிரிடப்படுவது ட்ஸ்வைகெல்ட். இது 1922 ஆம் ஆண்டில் குளோஸ்டர்நொய்பூர்க் ஆய்வு நிலையத்தில் சாங்க்ட் லாரென்ட், பிளாவ்ஃபிரெங்கிஷ் ஆகிய இரு வகைகளைக் கலந்து உருவாக்கப்பட்டது. ட்ஸ்வைகெல்ட் மென்மையானது, புளிப்புச் செர்ரிப் பழத்தின் மணம் கொண்டது. பிளாவ்ஃபிரெங்கிஷில் மிளகை ஒத்த காரமணமும் கூர்மையான புளிப்பும் துவர்ப்பும் மேலோங்கும்.

சுவைப்பவர் முதலில் கிண்ணத்தை வெண்ணிறத் தாளின் மீது சாய்த்து, விளிம்பின் நிறத்தைக் காண்பார். ஊதா கலந்த விளிம்பு இளமையையும், செங்கல் நிறம் முதிர்ச்சியையும் காட்டும். பின்னர் கிண்ணத்தைச் சுழற்றி முகர்ந்து, ஒரு வாய் எடுத்து நாவெங்கும் பரப்பி, உமிழ்ந்துவிடுவார். பல வைன்களை அடுத்தடுத்து மதிப்பிடுவோர் விழுங்குவதில்லை. சிவப்பு வைனில் முதன்மையாக நோக்கப்படுவது துவர்ப்பு. திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின்கள் உமிழ்நீர்ப் புரதங்களுடன் பிணைவதால் நாக்கு வறண்டு இழுக்கிறது. உடலியலில் இது சுவையாகவன்றித் தொடு உணர்வாகவே பெரிதும் கருதப்படுகிறது. எனினும் தமிழ் மரபு இதனை அறுசுவையுள் ஒன்றாக வைத்துள்ளதால், கடுக்காயையும் வாழைப்பூவையும் அறிந்தவருக்கு இதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

இனிப்பு வைன்கள்

நொய்சீட்லர் ஏரி இரண்டு மீட்டருக்கும் குறைவான ஆழமே கொண்டது. இலையுதிர் காலத்தில் அங்கிருந்து எழும் மூடுபனி, பொட்ரைட்டிஸ் சினெரியா என்னும் பூஞ்சை வளர உதவுகிறது. பூஞ்சை பழத்தோலைத் துளைக்க, பகல் வெயிலில் நீர் ஆவியாகி, பழம் சுருங்கிச் சர்க்கரை செறிகிறது. கரையிலுள்ள ரூஸ்ட் நகரம் 1681 ஆம் ஆண்டில் பேரரசர் முதலாம் லியோபோல்டிடம் தன்னாட்சி உரிமை பெற்றபோது, 60,000 பொற்காசுகளுடன் தன் இனிப்பு வைனையும் விலையாகக் கொடுத்தது. இல்மிட்ஸ் ஊரின் அலோய்ஸ் கிராஹர் (1959–2007) இவ்வகையை உலகறியச் செய்தவர்.

தரப்படிகள் பழச்சாற்றின் சர்க்கரையைப் பொறுத்தவை. அதை அளப்பது குளோஸ்டர்நொய்பூர்க் சாறளவி. இதன் ஒரு பாகை, சாற்றின் எடையில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு சர்க்கரை. பேரன்அவுஸ்லேசே, ஐஸ்வைன் ஆகியவற்றுக்குக் குறைந்தது 25 பாகையும், டிரொக்கன்பேரன்அவுஸ்லேசேக்கு 30 பாகையும் தேவை. தர்மபுரி மாவட்டத்தில் மாரண்டஹள்ளியை அடுத்த பாலக்கோட்டில் உள்ளதைப் போன்ற சர்க்கரை ஆலைகளில் கரும்புச் சாற்றுக்குப் பயன்படும் பிரிக்ஸ் அளவும் இதற்கு நெருங்கிய உறவுடையது. பிரிக்ஸ், கரைந்துள்ள பொருள் முழுவதையும் கணக்கிடும்.

ஆனால் இனிப்பு மிகுதி மட்டுமே உயர்வன்று. லிட்டருக்கு 200 கிராம் சர்க்கரை உள்ள வைனிலும் அதற்கு ஈடான புளிப்பு இல்லையெனில் அது வெறும் பாகுதான். தேன், உலர்ந்த ஆப்ரிகாட், குங்குமப்பூ, ஆரஞ்சுத்தோல் ஆகிய மணங்கள் பூஞ்சையின் அடையாளங்கள். இங்கு விளையும் முஸ்காட் ஒட்டோனல் வகையின் மணத்தைத் தமிழர் ஓரளவு ஊகிக்கலாம்: 2023 இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையும் முஸ்காட் இனத்தைச் சேர்ந்ததே.

1985 கலப்படம்

சில வணிகர்கள் மலிவான வைனில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்து, அதற்கு இனிப்பும் கனமும் ஏற்றி, உயர்தரப் பெயரில் விற்றனர். நன்கு கனிந்த பழத்தில் சுவைஞர் தேடும் வழவழப்பை இப்பொருளும் தருவதால் நாக்கால் இதனைப் பிரித்தறிய முடியவில்லை. ஆய்வகச் சோதனையே உண்மையை வெளிக்கொணர்ந்தது. உயிரிழப்பு ஏதும் பதிவாகவில்லை எனினும், நாட்டின் வைன் ஏற்றுமதி ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சரிந்தது. தவறேதும் செய்யாத சிறு உழவர்களும் சந்தையை இழந்தனர்.

இந்த வேதிப்பொருளின் கொடுமையை இந்தியா நன்கறியும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தொன்றில் இது கலந்திருந்ததால், 2025 ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். அம்மருந்தும் இனிப்பாகவே இருந்தது.

தற்போதைய நடைமுறை

1985 ஆம் ஆண்டிலேயே ஆஸ்திரியா கடுமையான வைன் சட்டத்தை இயற்றியது. தரவைன் எனப் பெயரிட விரும்பும் உற்பத்தியாளர் மாதிரியை அரசுக்கு அனுப்ப வேண்டும். ஆய்வகம் அதன் வேதியியல் கூறுகளைச் சோதிக்கும். தயாரித்தவர் பெயர் அறியாத சுவைஞர் குழு தனியே மதிப்பிடும். இரண்டிலும் தேறினால் மட்டுமே அரசுச் சோதனை எண் வழங்கப்படும். புட்டியின் மூடியில் சிவப்பு-வெள்ளை-சிவப்புப் பட்டையும் இடம்பெறும். அவ்வெண் இல்லாத வைன், எவ்வளவு இனித்தாலும், மேற்கண்ட தரப்பெயர்களில் எதையும் தாங்க இயலாது.