தனி கிளாஸ்

1986-ல் நான் துறைமுகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எய்ட்ஸ் வெள்ளைக்காரர் வியாதி, நம்ம ஊருக்கு வராது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம். அது ஏற்கெனவே வந்துவிட்டது என்று கண்டுபிடித்தது நம் சென்னை மருத்துவக் கல்லூரிதான்.

பேராசிரியர் சுனிதி சாலமன், தன் மாணவி நிர்மலாவிடம் பாலியல் தொழிலாளர்களின் ரத்தத்தைச் சோதித்து ஆய்வு செய்யச் சொன்னார். நிர்மலா முதலில் தயங்கினார். தைரியம் சொல்லி ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டவர் கணவர். கையுறைகூட இல்லாமல் எடுத்த ரத்தம் அது. பிரித்த சீரத்தை வைத்தது வீட்டு ஃப்ரிட்ஜில். (எங்கள் வீட்டு அம்மாவாக இருந்தால் என்னையும் சேர்த்து வெளியே தள்ளியிருப்பாள்.) சோதிக்கும் வசதி இங்கே இல்லை. பிப்ரவரியில் ஐஸ் பெட்டியோடு ராத்திரி ரயிலேறி, காட்பாடியில் இறங்கி, வேலூர் சி.எம்.சி.க்குப் போனார்கள். ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. திரும்பச் சோதித்தாலும் அதேதான். அமெரிக்காவிலும் உறுதியானது. சட்டசபையில் அமைச்சர் ஹண்டே அறிவித்தபோது பலர் நம்பவே இல்லை.

இந்தக் கிருமி செய்வதை எங்கள் துறைமுகக் கணக்கில் சொல்கிறேன். உடம்பில் நோயை எதிர்க்கும் கூட்டத்துக்கு வேலை ஏவுகிற மேஸ்திரி, சிடி4 என்கிற வெள்ளையணு. ஹெச்.ஐ.வி. நேராக அந்த மேஸ்திரிக்குள்ளேயே புகுந்து, அவனை வைத்தே தன்னைப் பெருக்கிக்கொள்ளும். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் ஐந்நூறுக்கு மேல் இருக்கவேண்டியது என்று வையுங்கள், இருநூறுக்குக் கீழே இறங்கினால் எய்ட்ஸ் நிலை. மருந்தில்லாவிட்டால் அதற்கு எட்டு, பத்து வருடம்கூட ஆகும். அதுவரை ஆள் நன்றாகத்தான் இருப்பான். பிறகு கொல்வது பெரும்பாலும் வேறு நோய்; நம் நாட்டில் முக்கியமாக டி.பி.

கல்மண்டபத்தில் குடியிருந்த ஒரு லாரி டிரைவரை எனக்குத் தெரியும். எண்ணூர் ரோடு லோடு. இருமல் வந்தது, டி.பி. என்றோம். பிறகு விஷயம் கசிந்தது. டீக்கடையில் அவருக்குத் தனி கிளாஸ் வைத்தார்கள். எச்சிலிலோ, தொடுவதிலோ, ஒரே கிளாஸில் குடிப்பதிலோ இது ஒட்டாது என்று அப்போதே டாக்டர்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். சுனிதி சாலமன் 1993-ல் ஒய்.ஆர்.ஜி. கேர் தொடங்கியதே இப்படி ஒதுக்கப்பட்டவர்களுக்காகத்தான். நான் பத்திரிகையில் படித்தும் இருந்தேன். ஆனாலும் அவர் வந்து உட்கார்ந்தால் பெஞ்சிலிருந்து எழுந்துவிடுவேன். ஒருநாள், "கணக்குப்பிள்ளை சார், உக்காருங்க, நான் நின்னுக்கறேன்" என்றார்.

1999-ல் போய்விட்டார். சாவுக்கு நான் போகவில்லை.

2004 ஏப்ரலில் தாம்பரம் சானடோரியம் போன்ற அரசு ஆஸ்பத்திரிகளில் கூட்டு மாத்திரை இலவசமாகத் தர ஆரம்பித்தார்கள். அதை விடாமல் சாப்பிட்டால் மேஸ்திரிகள் மறுபடி பெருகுவார்கள், கிருமி அடங்கிக் கிடக்கும். இப்போது ஸ்டான்லியிலேயே கொடுக்கிறார்கள். அவர் வீட்டிலிருந்து நடந்தே போகலாம்.