திரும்பிச் சென்று கேட்க முடியுமா?
புதுச்சேரி வட்டாரமும் பண்புசார் ஆய்வு முறைகளும்

பண்புசார் ஆய்வில் தரவு திரட்டும் வழிகளை நேர்காணல், பங்கேற்று உற்றுநோக்கல், குழு உரையாடல், ஆவண வாசிப்பு என்று பாடநூல்கள் வகுக்கின்றன. நிறை ஒரு பக்கம், குறை ஒரு பக்கம் என அட்டவணை போடுவது எளிது. ஆனால் எந்த முறையையும் நான் ஒரு கேள்வியால்தான் அளப்பேன்: சொன்னவரிடமோ சொல்லப்பட்டதன் பதிவுக்கோ திரும்பிச் சென்று மீண்டும் கேட்க வழி இருக்கிறதா? இதைப் பேசப் புதுச்சேரியைவிடப் பொருத்தமான ஊர் குறைவு.

ஆவணத்துக்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இருக்கிறது. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயின் தலைமைத் துபாஷாக (மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக) விளங்கிய அவர் 1736-இல் எழுதத் தொடங்கினார். 1761 சனவரி 12-இல் அவர் மறைந்தார். நான்கு நாளில் நகரம் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. கப்பல் வரவு, வாணிகம், அரண்மனைப் பேச்சு, சாதி வழக்கு எல்லாம் அதில் உண்டு. எதிரே அமர்ந்து யாரும் கேள்வி கேட்கவில்லை. ஆகவே கேட்பவருக்கு ஏற்றபடி விடை வளையும் தொல்லை இல்லை. 1748 செப்டம்பரில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டபோது ஊர் பட்ட பாட்டை அவர் எழுத்தில் காண்கிறோம். அதே பக்கங்களில் துய்ப்ளேயின் மனைவி மீது அவருக்கிருந்த கசப்பும் படிந்திருக்கிறது. அன்றைய நெசவாளியும் பல்லக்குத் தூக்கியும் என்ன நினைத்தார்கள் என்பதைப் பிள்ளையின் கண் வழியாகவே அறிய முடியும். அவரிடம் நாம் ஒரு மறுகேள்வியும் போட முடியாது.

மறுகேள்வி போடும் வாய்ப்பு நேர்காணலுக்கு உண்டு. அதன் உச்சத்தைக் காட்டும் நூலும் இவ்வட்டாரத்திலிருந்தே எழுந்தது. புதுச்சேரியை அடுத்த சிற்றூரில் வயல் கூலி வேலை செய்தும் பேறுகாலம் பார்த்தும் வாழ்ந்த வீரம்மா என்னும் தலித் பெண், இசையியல் பயின்ற ஜோசியான் ராசினிடம் பத்தாண்டுக் காலம் தம் வாழ்க்கையைச் சொன்னார். ஜோசியானும் ழான்-லுயிக் ராசினும் வீரம்மாவுடன் இணைந்து 1995-இல் அதைப் பிரெஞ்சில் நூலாக்கினர். 1997-இல் ஆங்கிலத்திலும் வந்தது. சிறுமியாக இருந்தபோதே நடந்த மணம், பெற்றுப் பறிகொடுத்த பிள்ளைகள், பேய் பிசாசு பற்றிய அச்சம், ஆண்டைகளின் வீடு, ஒப்பாரி, கூச்சமில்லாத கேலி என்று அந்நூல் விரிகிறது. சாதி ஒழுங்கைப் பெரிதும் ஏற்றுக்கொண்டே பேசும் தாய் ஒரு புறம், அதை எதிர்த்து நிற்கும் மகன் ஒரு புறம். ஒரே குடிசைக்குள் இருந்த இந்தப் பிளவை எந்த வினாநிரலும் பிடித்திருக்காது. முதல் சந்திப்பில் மரியாதைக்குச் சொன்னதை ஐந்தாம் ஆண்டில் மாற்றிச் சொல்லும் நெருக்கம் வேண்டும். அதற்குக் காலம்தான் விலை.

குறைகளையும் மறைக்கக் கூடாது. இது ஒருவருடைய வாழ்க்கை. இதைக் கொண்டு சேரி முழுவதையும் அளக்க முடியாது. படித்த மேல்நிலைப் பெண்ணின் முன் கூலிக்காரப் பெண் பேசுகிறார் என்ற ஏற்றத்தாழ்வு பத்தாண்டிலும் முற்றாகக் கரையாது. ஒரே மூச்சில் சொன்னதுபோல் நாம் படிக்கும் கதையின் வரிசை, தொகுத்தவர்கள் அமைத்தது. ஒலிப்பதிவைக் கேட்டால்தான் எந்தக் கேள்விக்கு எது விடை என்று விளங்கும்.

பங்கேற்று உற்றுநோக்கலின் வலிமை, மனிதர் சொல்வதற்கும் செய்வதற்கும் உள்ள இடைவெளியைக் காண்பது. கருநாடகத்து இராம்புராவில் 1948-இல் தங்கி ஆராய்ந்த எம்.என். சீனிவாஸ், தொகுத்து வைத்த குறிப்புகளை 1970-இல் ஸ்டான்போர்டில் நடந்த தீவைப்பில் இழந்தார். பெரிதும் நினைவை நம்பி அவர் எழுதிய நூல் 1976-இல் வெளிவந்து புகழ் பெற்றது. பார்த்தவர் மனத்தில் எவ்வளவு ஆழமாக ஊர் பதிகிறது என்பதற்கு அது சான்று. பிறர் சரிபார்க்க முடியாமல் போவதற்கும் அதுவே சான்று.

குழு உரையாடல் விரைவானது. ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துக் கொடுப்பார். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நம் கடற்கரை ஊர்களில் இம்முறை பெரிதும் கையாளப்பட்டது. ஆனால் மீனவர் குப்பத்தில் கூட்டம் போட்டால் பஞ்சாயத்தார் பேசுவார்கள். கூடை சுமந்து மீன் விற்கும் பெண்கள் அந்நேரம் சந்தையில் இருப்பார்கள். கடன் போன்ற செய்திகள் கூட்டத்தில் வெளிவரவே மாட்டா. புதுச்சேரியில் 1955-இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தோடு தொடர்புடைய இசபெல் கெரென், சந்தோஷ் குமார், வெங்கடசுப்பிரமணியன் மூவரும் பெண்களின் கடன் வாழ்வு பற்றி 2023-இல் வெளியிட்ட நூல், கணக்கெடுப்பையும் நெடுநாள் களப்பழக்கத்தையும் சேர்த்துச் செய்த உழைப்பின் பயன். யாரிடம், எந்த அவமானத்தை விழுங்கிக் கடன் வாங்கினாள் என்பதை ஒரு பெண் முதல் நாளே சொல்லிவிட மாட்டாள்.

இன்று நம் மாணவர்கள் கைப்பேசியில் நேர்காணலைப் பதிவு செய்து, ஆங்கிலத்தில் சுருக்கி, பட்டம் பெற்றபின் பதிவைத் தொலைத்துவிடுகிறார்கள். எந்த முறையின் குறையையும்விடப் பெரிய குறை இதுதான். பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் உள்ளிட்டவை இவ்வூரில் காத்துவரும் சைவச் சுவடிகளை 2005-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. சுவடிக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு பேச்சுக்கும் கிடைக்க வேண்டும். பேசியவரின் இசைவோடு, பெயர் மறைக்க வேண்டிய இடத்தில் மறைத்து, தமிழ்ப் பேச்சை அப்படியே காக்கும் ஒலிக் காப்பகம் ஒன்றைப் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் இங்குள்ள ஆய்வு நிறுவனங்களும் கூடி அமைக்க வேண்டும். அதுவரை, இதைப் படிக்கும் மாணவர்களே, உங்கள் பதிவுகளை அழிக்காதீர்கள்.