பாய்க்குப் பின்னால் மறைந்தவர்கள்

சோழகம் வீசும் மாதங்களில் ஆலங்குடாக் கரையில் நிற்போர் ஒரு காட்சியைக் காணலாம். உல்லாசப் பயணிகள் வண்ணப் பட்டங்களைக் காற்றிலேற்றிக் கடல்மேற் சறுக்குகின்றனர். புகைப்படக் கருவிகள் அவர்களையே பின்தொடர்கின்றன. கடல் கொந்தளிப்பதால் தொழிலின்றிக் கரையில் வலை செப்பனிடும் மீனவர் அப்படங்களில் இடம்பெறுவதில்லை.

இப்பார்வைக்கு ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தின் வைட் தீவிலுள்ள கௌஸ் நகரம் செல்வரின் பந்தயப் படகுகளுக்குத் தலைமையிடமாக விளங்கியது. 1888இல் அங்கு மருந்துக்கடை நடத்த வந்த பீக்கன் குடும்பத்தினர் படகுகளைப் படம்பிடிப்பதிற் புகழ்பெற்றனர். பிராங் பீக்கன் இரு வில்லைகள் பூட்டிய மரப்பெட்டிக் கருவியொன்றை அமைத்தார். ஆடும் தோணியில் அதனை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, இறப்பர்க் குமிழைப் பல்லாற் கடித்துக் கண்ணாடித் தகட்டிற் படம் பதித்தார். அத்திறமை வியப்புக்குரியது. ஆயின் அத்தகடுகளிற் பதியாதது எது என்றும் நாம் கேட்டாக வேண்டும்.

பீக்கன் படம்பிடித்த படகுகளுள் தோமஸ் லிப்டனின் 'ஷாம்ரொக்' படகுகளும் அடங்கும். கிளாஸ்கோ நகரின் ஏழைக் குடும்பத்திற் பிறந்து வணிகத்தால் உயர்ந்த லிப்டன், கோப்பிப் பயிர் நோயால் அழிந்தபின் மலிந்து கிடந்த இலங்கைத் தோட்டங்களை 1890இல் வாங்கத் தொடங்கினார். அப்புத்தளையின் தம்பேதன்னையில் அவரது தேயிலைத் தொழிற்சாலை எழுந்தது. 1899, 1901, 1903, 1920, 1930 என ஐந்து முறை அமெரிக்காக் கிண்ணத்திற்குப் போட்டியிட்டு ஐந்து முறையும் தோற்றார். 1903இல் அவரை வென்ற 'றிலையன்ஸ்' 16,000 சதுர அடிக்கு மேற்பட்ட பாய் விரித்தது. பத்தாண்டுகளில் அது உடைக்கப்பட்டது. தோல்வியும் லிப்டனுக்கு நட்டமாகவில்லை. மாலுமித் தொப்பியணிந்த அவரது உருவம் தேயிலைப் பெட்டிகளில் உலகைச் சுற்றியது.

அப்பாய்களை ஏற்றியவர் யாவர்? குளிர்காலத்தில் மீன்பிடித்து, கோடையிற் செல்வரின் படகுகளிற் கூலிக்குழைத்த எசெக்ஸ் கரையோர மீனவரே அவருட் பெரும்பாலோர். அப்பாய்களுக்குப் பணம் ஈட்டியவர் யாவர்? தமிழகத்தின் வறண்ட கிராமங்களிலிருந்து கங்காணிமாரால் அழைத்துவரப்பட்டு, கடனோடு லயன்களில் அடைபட்டு, பனியிற் கொழுந்து கிள்ளிய ஆண்களும் பெண்களும் அவருள் முதன்மையானோர்.

வணிகர் என்பதால் லிப்டனை நெடுங்காலம் ஒதுக்கிய கௌஸின் அரச படகுக் கழகம், அவர் இறந்த 1931ஆம் ஆண்டிலேயே அவரை உறுப்பினராக்கியது. அவரது மனத்தாங்கலை எழுதியோர் பலர். அவருக்குச் செல்வம் தந்த மக்களுக்கோ நாடே கதவடைத்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழிதிறந்தது.

ஆகவே, பழைய படகுப் படமொன்றை மாணவர்க்குக் காட்டும்போது அதன் அழகை நாம் மறைக்க வேண்டியதில்லை. கயிற்றைப் பிடித்த கை எது, பாய்க்குக் கூலி கொடுத்த பணம் எங்கிருந்து வந்தது என்ற இரு வினாக்களையும் சேர்த்தே கேட்போம். ஆலங்குடாவின் கரையை நாளை படமெடுக்கும் எம் மாணவன், வலையோடு அமர்ந்திருக்கும் தன் தந்தையையும் அதற்குள் அடக்கக் கற்றுக்கொள்வான்.