போஸ்–ஐன்ஸ்டைன் செறிபொருள்: அளவீட்டின் வரலாறு

தனிச்சுழி வெப்பநிலைக்கு வெகு அருகே குளிர்ந்த வாயுவில், அணுக்களில் பெரும்பகுதி ஒரே குவாண்டம் நிலைக்குப் போய்ச் சேர்வதால் உண்டாவது போஸ்–ஐன்ஸ்டைன் செறிபொருள். டாக்கா பல்கலைக்கழகத்தில் இருந்த சத்யேந்திரநாத் போஸ், ஒளித்துகள்களுக்காக வகுத்த கணக்கை 1924இல் ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் அதை ஜெர்மனில் பெயர்த்து வெளியிட்டார்; அதே கணக்கை அணுக்களுக்கும் நீட்டியபோது இப்படியொரு நிலை வரவேண்டும் என்று தெரிந்தது. அதை வாயுவில் பார்க்க எழுபது ஆண்டு பிடித்தது.

நடுவில் 1938இல், திரவ ஹீலியத்தின் மீபாய்மைக்கு இதுவே காரணம் என்றார் ஃபிரிட்ஸ் லண்டன். ஆனால் திரவத்தில் அணுக்கள் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளுவதால், ஐன்ஸ்டைன் சொன்னது அதில் தெளிவாகத் தெரியவில்லை.

அமெரிக்காவின் போல்டர் நகரில் உள்ள ஜிலா ஆய்வகத்தில் எரிக் கார்னெலும் கார்ல் வீமனும் 1995 ஜூன் 5 அன்று அதைக் கண்டார்கள். ருபீடியம் வாயுவை முதலில் லேசரால் குளிர்வித்து, பிறகு காந்தப் பொறியில் அடைத்து, சூடான அணுக்களை மட்டும் வெளியேற்றிக்கொண்டே வந்தார்கள். டம்ளரில் காபி ஆறுவதும் இப்படித்தான். சுமார் 170 நானோகெல்வினில், ஏறத்தாழ 2,000 அணுக்கள் கொண்ட செறிபொருள் தோன்றியது.

இவ்வளவு சிறிய மேகத்தில் எந்த வெப்பமானியை நுழைப்பது? தொட்ட மாத்திரத்தில் மேகமே சூடாகிக் கலைந்துவிடும். அதனால் பொறியை அணைத்தார்கள். பிடி விட்டதும் அணுக்கள் தத்தம் வேகத்தில் விலகி ஓடும். சற்று நேரம் விரிய விட்டு, லேசரை ஒரு கணம் பாய்ச்சி, மேகத்தின் நிழலைக் கேமராவில் பதித்தார்கள். ஓடிய தூரத்திலிருந்து வேகமும், வேகங்களின் பரவலிலிருந்து வெப்பநிலையும் கிடைத்தன.

ஆனால் அசைக்க முடியாத சாட்சி நிழலின் வடிவத்தில் இருந்தது. சாதாரண வாயு விரியும்போது எல்லாத் திசையிலும் ஒரே சீராக, வட்டமாகப் பரவும். செறிபொருள் அப்படிச் செய்யவில்லை. பொறி எந்தத் திசையில் அதை இறுக்கமாகப் பிடித்திருந்ததோ, அந்தத் திசையில்தான் வேகமாக விரிந்து நீள்வட்டமானது. வட்டமான மங்கல் மேகத்தின் நடுவே கூரான நீள்வட்ட முகடு எழுந்ததைக் கண்டபின் சந்தேகத்துக்கு இடமே இல்லை. பாடநூல்களில் மலைமுகடு போல வரும் வண்ணப்படம் அதுதான். வண்ணங்கள் கணினி பூசியவை. கேமரா பதித்தது வெறும் நிழல்.

அதே ஆண்டு எம்ஐடியில் வொல்ஃப்காங் கெட்டர்லே சோடியத்தில் பல லட்சம் அணுக்கள் கொண்ட செறிபொருளை உருவாக்கினார். மூவருக்கும் 2001இல் நோபல் பரிசு கிடைத்தது.

1996இலேயே ஜிலா குழு அளவீட்டைக் கூர்மையாக்கியது. 40,000 அணுக்கள் கொண்ட வாயு 280 நானோகெல்வினில் மாறத் தொடங்கியது. அணுக்களுக்கிடையே விசையே இல்லை என்று வைத்துப் போட்ட கணக்கு சொல்லும் வெப்பநிலையில் இது சுமார் 94 சதவீதம். எண்ணிக்கை சிறியதாக இருந்தும் கணக்கு இவ்வளவு நெருங்கி வந்தது ஆச்சரியம்தான்.

நிழல் முறைக்கு ஒரு குறை உண்டு: ஒரு படம் எடுத்தால் மேகம் அழிந்தது. குளிர்வின் படிகளைக் காட்டும் படவரிசையில் ஒவ்வொன்றும் வேறு வேறு மேகம். கெட்டர்லே குழு 1996இல் இதற்கு வழி கண்டது. அணு விழுங்காத அலைநீளத்தில் ஒளியைப் பாய்ச்சி, அது மேகத்தைக் கடக்கையில் அடையும் சிறு மாற்றத்தைப் பதித்தது. ஒரே மேகத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுக்க முடிந்தது. செறிபொருள் வளரும் விதத்தையும் 1998இல் அளந்தார்கள்: முன்பே சேர்ந்திருக்கும் அணுக்கள் கூடக்கூட, புதியவை வந்து சேரும் வேகமும் கூடியது.

அதே ஆண்டு எம்ஐடியில் டேனியல் கிளெப்னரும் தாமஸ் கிரேடாக்கும் ஹைட்ரஜனில் செறிபொருள் கண்டபோது, அதை அடையாளம் காட்டியது நிறமாலைக் கோட்டின் நகர்வு.

குளிர் மிகுந்தால் மேகம் விரிவதும் மெதுவாகிறது. அளந்து முடிப்பதற்குள் புவியீர்ப்பு அதைக் கீழே இழுத்துவிடுகிறது. எனவே அளவீடு எடையின்மையைத் தேடிப் போனது. 2018இல் குளிர் அணு ஆய்வகம் ஒன்று பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குச் சென்றது. ஜெர்மனியின் பிரெமன் நகரில் 146 மீட்டர் உயரக் கோபுரத்துக்குள் கருவியோடு சேர்த்தே கீழே விழவிட்ட சுமார் ஒரு லட்சம் அணுக்களில், 2021இல் வெளியான முடிவின்படி, 38 பிகோகெல்வின் அளவுக்கு இயக்க ஆற்றல் இறங்கியிருந்தது.