கண்டித் திடல்களில் இனபேதம்

கண்டி மாநகரைத் தலதா மாளிகைக்காகவும் வாவிக்காகவும் போற்றுவோர், அந்நகரின் விளையாட்டுத் திடல்களை நினைப்பது அரிது. ஆயினும் ஆண்டவருக்கும் ஆளப்பட்டவருக்கும் இடையே நின்ற வேலி எவ்வாறு தளர்ந்தது என்பதை அத்திடல்களைக் கொண்டே அறியலாம்.

மலைநாட்டில் றகர் பந்தாட்டத்தைப் பரப்பியவர்கள் ஆங்கிலேயத் தோட்டத் துரைமார். கண்டி விளையாட்டுக் கழகம் 1874இல் தோன்றியது. அக்காலத்தில் துரைமாரின் கழகங்களில் சுதேசிகளுக்கு இடமில்லை. அமெரிக்காவின் தென் மாநிலங்களிலோ வெள்ளையரும் கறுப்பரும் கூடி ஆடுவதைச் சில நகரங்களில் சட்டமே தடுத்தது. அங்கே 1954இல் அட்லாண்டா பேஸ்போல் அணியில் நாட் பீப்பிள்ஸ் என்னும் கறுப்பின வீரர் இரண்டே ஆட்டங்கள் ஆடினார். அவ்வணி இருந்த சங்கம் 1961இல் கலையும்வரை அதில் வேறொரு கறுப்பர் ஆடவில்லை. இலங்கையில் அத்தகைய சட்டம் இல்லை. வழக்கமே சட்டத்தின் வேலையைச் செய்தது.

அவ்வழக்கத்திற்கு மாற்று, கழகங்களிலிருந்தன்றிப் பள்ளிக்கூடத்திலிருந்தே வந்தது. பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்த லூயிஸ் எட்மண்ட் பிளேஸ், 1891 மே மாதத்தில் கண்டியில் ஒரு பள்ளியை நிறுவினார். பிற்காலத்தில் கிங்ஸ்வூட் கல்லூரி எனப் பெயர் பெற்றது அதுவே. அவ்வாண்டிலேயே அவர் றகரையும் புகுத்தினார். பக்கத்துக்குப் பதினைவர் வேண்டும் ஆட்டம் அது. பள்ளி தொடங்கியதோ 11 மாணவருடன்! அதிபரின் துணிவை என்னென்பது! துரைமாரின் ஆட்டமாயிருந்ததைச் சுதேசிச் சிறுவர் கற்றனர். 1906 ஆகஸ்டில் போகம்பரையில் கிங்ஸ்வூட்டும் திரித்துவக் கல்லூரியும் மோதின. நாட்டின் முதலாவது கல்லூரி றகர்ப் போட்டி அதுவே. ஆட்டம் ஆறுக்கு ஆறு என்று சமநிலையில் முடிந்ததால் இரு கல்லூரிகளும் இன்றளவும் தலைநிமிர்ந்து பேச முடிகிறது. 1922இல் கொழும்பில் இலங்கையருக்கெனத் தனி றகர்க் கழகம் எழுந்தபோது, கல்லூரிகளில் ஆடிப் பழகிய இளைஞர் ஆயத்தமாக இருந்தனர்.

எனினும் இக்கல்லூரிகளின் வாயில் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. துரைமாரின் செல்வத்தை உழைத்துத் தந்த தோட்டத் தமிழரின் பிள்ளைகள் லயன்களிலேயே வளர்ந்தனர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. வெள்ளையர் வேலி தளர்ந்த காலத்திலேயே இன்னொரு வேலி எழுந்தது என்பதை மறைப்பது வரலாறாகாது.

தேயிலைத் தோட்ட வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர் ஒருவரின் பேரர் முத்தையா முரளிதரன். 1972இல் கண்டியில் பிறந்த அவர், கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியில் கிரிக்கெட் பயின்றார். திரித்துவக் கல்லூரிக்காக மலைச்சரிவை வெட்டி அமைத்து, 1915இல் திறக்கப்பட்ட அஸ்கிரியத் திடலில், 2007 டிசம்பர் 3ஆம் நாள் இங்கிலாந்து அணிக்கெதிராக அவர் பந்து வீசினார். கோலிங்வுட்டின் விக்கெட் சாய்ந்தது. அது முரளிதரனின் 709ஆவது டெஸ்ட் விக்கெட். ஷேன் வார்னின் 708 என்ற உலகச் சாதனை முறிந்தது. அஸ்கிரியத் திடல் கண்ட கடைசி டெஸ்ட் ஆட்டமும் அதுவே.